பழைய ஸ்பீக்கரின் விளிம்பு ரப்பர்: தடவுவதற்கு முன் அளந்து பாருங்கள்

பழைய ஸ்பீக்கர் ஜோடியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "விளிம்பு ரப்பர் இறுகிவிட்டது போலிருக்கிறது, என்ன தடவலாம்?" என்பதுதான். ஒலி எழுப்பும் கூம்பான கோனைச் சுற்றி, அதைச் சட்டத்தோடு இணைக்கும் வளையத்தைத்தான் விளிம்பு ரப்பர் என்கிறோம். எதையும் தடவாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள் என்று சொன்னால் முகம் சுருங்குகிறது. மருந்துச் சீட்டை எதிர்பார்த்து வந்தவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியது போல ஆகிவிடுகிறது. இருந்தாலும் என் பதில் அதுதான். பழைய ரப்பர் விளிம்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சையே தேவையில்லை. தேவைப்படுகிற சிலவற்றுக்கும் தடவும் மருந்து நிரந்தரத் தீர்வு அல்ல.

நான் கோவையில் ஒரு நூற்பாலையின் காட்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்பின்னிங் இயந்திரத்தின் மேல் உருளைகளில் மாட்டுகிற ரப்பர் உறைக்குத்தான் காட்ஸ் என்று பெயர். அது இறுகினால் நூலின் சீர் கெடும். பிசுபிசுத்தால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். ரப்பர் மூப்படைவதை விரலால் தொட்டுக் கண்டுபிடிப்பதே என் பிழைப்பாக இருந்தது. பழைய ஸ்பீக்கர்களைப் பழுது பார்ப்பது அதன் நீட்சி. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. காட்ஸ் மேற்பரப்பு இறுகினால் பஃபிங் இயந்திரத்தில் கொடுத்து மேல்தோலைச் சீவிவிடலாம். ஸ்பீக்கரின் விளிம்பு ரப்பர் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. சீவ அதில் ஒன்றுமில்லை. எங்கள் ஆலையில் கடினத்தை அளந்த ஷோர் மீட்டரும் இங்கே பயன்படாது. அந்தக் கருவி சரியான எண்ணைக் காட்டச் சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனாவது வேண்டும்.

உதாரணத்துக்கு என் வீட்டில் இருக்கும் கெஃப் கோரேல் பெட்டிகளை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், மெய்ட்ஸ்டோன் நகரில், ரேமண்ட் குக் 1961-இல் தொடங்கிய நிறுவனம் கெஃப். 1970-களில் வந்த கோரேலில் பி200 என்ற 8 அங்குல ஊஃபரும் (தாழ்ந்த, நடு ஒலிகளுக்கானது) டி27 ட்வீட்டரும் (உச்ச ஒலிகளுக்கானது) இருக்கும். துளையில்லாத மூடிய பெட்டி. பி200-இன் கோன் காகிதத்தால் ஆனது அல்ல. பெக்ஸ்ட்ரீன் எனும் பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக். விளிம்பு செயற்கை ரப்பர். இதன் சின்னத் தம்பியான 5 அங்குல பி110-தான், பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரில் இருப்பது. கோன் பெக்ஸ்ட்ரீன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் பல எச்சரிக்கைகளுக்கு அதுதான் காரணம்.

என்ன விளிம்பு என்று தெரிந்துகொள்வது

முதலில் ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் பொடியாக உதிர்வது, ஒட்டும் கூழாக வருவது எல்லாம் பாலியூரிதேன் ஃபோம். காற்றின் ஈரப்பதமே அதைச் சிதைத்துவிடும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கதை முடிந்துவிடும். அதற்கு மாற்றுவது ஒன்றே வழி, பேச்சுக்கு இடமில்லை. துணியில் பூச்சுத் தடவிய விளிம்பு மூன்றாவது வகை. உற்றுப் பார்த்தால் பூச்சுக்கு அடியில் நெசவு தெரியும்.

ரப்பர்தான் என்று உறுதியானபின், எந்த ரப்பர் என்ற கேள்வி வருகிறது. பியூட்டைல் ரப்பர் சோம்பேறி: அழுத்தி விட்டால் மெல்லத்தான் நிமிரும். இயற்கை ரப்பர் சட்டென்று துள்ளி நிமிரும். வயதானால் வெடிக்கும் அல்லது பிசுபிசுக்கும். நியோப்ரீன் வெடிப்பதில் நிதானம், இறுகுவதிலும் நிதானம். சில பழைய விளிம்புகள் ரப்பரே அல்ல, மென்மையூட்டி சேர்த்த பிவிசி; அந்த மென்மையூட்டி ஆண்டுக்கணக்கில் வெளியே கசிந்துவிட, மிச்சம் அட்டைபோல் விறைக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை உண்டு. ஆலையில் காட்ஸ் உறைகளைத் தரம் பிரிக்க நாங்கள் செய்ததுதான். ஒரு செம்புக் கம்பியின் நுனியை நீல நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, நெருப்பில் பச்சை நிறம் இல்லாமல் போகும்வரை சுத்தமாக்குங்கள். விளிம்பின் வெளி ஓரத்தில், கேஸ்கெட் எனும் ஓரப்பட்டைக்குக் கீழே மறைந்திருக்கும் இடத்தில், ஊசிமுனை அளவு ரப்பரைச் சீவி எடுங்கள். சூடான கம்பியால் அதைத் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுங்கள். பளிச்சென்று பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது: நியோப்ரீன் அல்லது பிவிசி. பச்சை வரவில்லை என்றால் பியூட்டைல், இயற்கை ரப்பர், நைட்ரைல் போன்றவை. வரும் புகை நல்லதல்ல. சன்னலைத் திறந்து வைத்து, மூக்கைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கண்ணுக்குத் தெரியும் குறைகள்

ரப்பர் வளைவின் மேல் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைப் படலம் இருந்தால் பலர் அதைப் பூஞ்சை என்று நினைத்து வெறி பிடித்ததுபோல் தேய்க்கிறார்கள். பெரும்பாலும் அது ரப்பருக்குள்ளேயே சேர்த்திருக்கும் மெழுகு. ஓசோன் தாக்காமலிருக்க ரப்பர் தானாகவே மேற்பரப்புக்கு அனுப்பும் கவசம் அது. தூசியோடு சேர்ந்து அழுக்காகத் தெரிந்தால் ஒருமுறை துடையுங்கள். மாதம் ஒருமுறை பாலிஷ் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

வெடிப்பு வேறு விஷயம். ஓசோன் வெடிப்புகள், ரப்பர் இழுபட்டு நிற்கும் திசைக்குக் குறுக்கே, மெல்லிய இணைகோடுகளாக வரும். வளைவின் உச்சியிலும் கோனை ஒட்டிய மடிப்பிலும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மேலோட்டமான கோடுகள் என்றால் இன்னும் சில காலம் ஓடும். கோனை மெல்ல உள்ளே தள்ளும்போது கோடு வாய் திறந்தால் அந்த விளிம்பின் காலம் முடிந்தது. வெடிப்பை மூடும் மருந்து உலகில் இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் நான் பார்ப்பது, ரப்பர் நன்றாக இருக்க, பசை செத்துப்போவது. விளிம்பு பாஸ்கெட்டிலிருந்தோ (ஸ்பீக்கரின் உலோகச் சட்டம்) கோனிலிருந்தோ ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு மட்டும் பிரிந்து நிற்கும். முகப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. பாடல் ஓடும்போது, பாஸ் எனும் ஆழ்ந்த ஒலி வரும் இடத்தில் மட்டும் மெல்லிய "பர்ர்" கேட்கும். வாய்ஸ் காயில் (கோனின் பின்னால் காந்த இடைவெளியில் ஆடும் கம்பிச் சுருள்) உரசுகிறது என்று பயந்து, கோனையே மாற்றித் தரும் ரீகோனிங் கடைக்கு எடுத்துச் செல்வதற்கு முன், ஒரு மெல்லிய மூங்கில் சீவலை விளிம்பின் ஓரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். பிரிந்த இடத்தில் சீவல் உள்ளே நழுவும்.

அளப்பது

கை வைத்தியம் முதலில். விரல்களை டஸ்ட் கேப்பைச் (கோனின் நடுவில் உள்ள மூடி) சுற்றிச் சமமாக விரித்து, கோனை நேராக உள்ளே தள்ளுங்கள். ஒரு பக்கமாகத் தள்ளினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும். மூடிய பெட்டியில், விட்டவுடன் கோன் மெல்ல, காற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். சட்டென்று வந்தால் எங்கோ காற்று கசிகிறது. இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றனவா என்பதே முக்கியம்.

அடுத்தது எண். ஊஃபரைக் கழற்றி, கோன் பக்கவாட்டில் பார்க்கும்படி வெட்டவெளியில் நிறுத்துங்கள். ஆம்பிளிஃபையரின் ஒரு முனையில் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, ஊஃபரோடு இணையுங்கள். கைபேசியில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்று போதும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஊஃபரின் இரு முனைகளிலும் பிடியுங்கள். ஒலியைக் குறைவாக வைத்து, 60 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாகக் கீழே வாருங்கள். வோல்ட் ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அந்த உச்சம்தான் ஊஃபரின் இயல்பு அதிர்வெண், அதாவது கோன் தன்னியல்பாக ஆடும் வேகம். கணினியும் சவுண்ட் கார்டும் இருந்தால் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருள் இதையே வரைபடமாகக் காட்டும். ஆனால் மல்டிமீட்டர் வழி எந்த விதத்திலும் மட்டமானதல்ல.

பி200-க்கு இந்த எண் 25 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டும். பல ஆண்டுகள் பரணில் கிடந்த ஊஃபர் முதலில் 30-ஐக் காட்டினால் பதற வேண்டாம். கோன் கண்ணுக்குத் தெரியும்படி சற்றே ஆடும் அளவுக்கு ஒலியை வைத்து, 25 ஹெர்ட்ஸில் அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இப்படி ஓடவிடுவதை ரெசிஸ்டரை எடுத்துவிட்டுச் செய்யும்போது ஒலியைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். பெட்டிக்கு வெளியே கோனைத் தாங்கிப் பிடிக்கக் காற்று மெத்தை இல்லை. தூங்கிக் கிடந்த ரப்பரும் ஸ்பைடரும் (கோனைப் பின்னாலிருந்து தாங்கும் மடிப்புத் துணி வளையம்) இளகி, எண் இறங்கிவிடும். இறங்கிய பிறகும் இரண்டு ஊஃபர்களுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் நான் கவலைப்படத் தொடங்குவேன்.

இங்கே ஒரு கணக்கு. பலருடைய பயத்தை இதுதான் தெளிவிக்கும். மூடிய பெட்டிக்குள் போனபின் ஊஃபரின் அதிர்வெண்ணைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே அடைபட்ட காற்று, ரப்பர் அல்ல. அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏஆர்-1 எனும் மூடிய பெட்டி ஸ்பீக்கரைச் செய்தபோது நம்பியது, சுருள்வில்போல் தள்ளும் இந்தக் காற்றைத்தான். ஊஃபரின் தளர்வு (ரப்பரும் ஸ்பைடரும் வளைந்துகொடுக்கும் அளவு) 130 லிட்டர் காற்றுக்குச் சமம், இயல்பு அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ், பெட்டி 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் அதன் அதிர்வெண் 68.5 ஹெர்ட்ஸ் வரும். இப்போது ரப்பரும் ஸ்பைடரும் இறுகி, இயல்பு அதிர்வெண் 30 ஆகிவிட்டது. விறைப்பு 44 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். கேட்கவே பயமாக இருக்கிறது. தளர்வு 90 லிட்டராகக் குறைகிறது. பெட்டிக்குள் போட்டுக் கணக்கிட்டால் 70.4 ஹெர்ட்ஸ். வெளியே 5 ஹெர்ட்ஸ் வித்தியாசம், உள்ளே 2 ஹெர்ட்ஸ்கூட இல்லை. அந்த 2 ஹெர்ட்ஸை உங்கள் வரவேற்பறையில் நீங்கள் கேட்டுவிட்டால் உங்கள் காதுக்கு என் வணக்கம். துளையுள்ள பெட்டியில் இந்தச் சலுகை இவ்வளவு கிடைக்காது. அங்கே ஊஃபரின் எண் மாறினால் பெட்டியின் இசைவும் கலையும்.

அப்படியானால் இறுகிய விளிம்பால் நஷ்டமே இல்லையா? உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பாஸில் அல்ல, நடு ஸ்தாயியில். கோனின் மையத்திலிருந்து ஓரத்தை நோக்கி ஓடும் அதிர்வை விழுங்கித் திரும்பவிடாமல் செய்வது விளிம்பின் இரண்டாவது வேலை. ரப்பர் இறுகினால் அந்த அதிர்வு ஓரத்தில் மோதித் திரும்பும். பெண் குரலில், வயலினில் ஒரு கரகரப்பு, ஒரு மூக்கடைப்பு வரும். இதைக் கண்டுபிடிக்க, ஒற்றை ஒலிப்பதிவை மோனோவில் (இரு பெட்டியிலும் ஒரே ஒலி) ஓடவிட்டு, பேலன்ஸ் குமிழை இடம் வலம் திருப்பிக் கேளுங்கள். இரண்டு பெட்டியிலும் குரலின் நிறம் ஒன்றாக இருந்தால் விளிம்பை விட்டுவிடுங்கள். வேறாக இருந்தால், ஊஃபர்களை மட்டும் பெட்டி மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். வித்தியாசம் ஊஃபரோடு இடம் மாறினால் குற்றவாளி ஊஃபர். மாறாமல் அதே பெட்டியில் நின்றால் கிராஸ்ஓவரில் (ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் சுற்று) உள்ள பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைப் பாருங்கள். பாவம், அது கெட்டதற்கு ரப்பர்தான் அநேகமாகப் பழி சுமக்கிறது.

சுத்தம் செய்வது

மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு பருத்தித் துணியை ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ரப்பர் வளைவில் மட்டும் ஓட்டுங்கள். கோனைத் தொடாதீர்கள். பெக்ஸ்ட்ரீன் கோன்களின் முகத்தில் அதிர்வை அடக்க ஒரு பூச்சுத் தடவியிருப்பார்கள். ஈரத்தோடு அழுத்தித் தேய்த்தால் அது இளகி வழுக்கிக்கொண்டு வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் அந்தப் பூச்சுக்கு ஆகாது. துடைத்தபின் மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள், வெயிலில் அல்ல.

கார் டாஷ்போர்டைப் பளபளக்கவைக்கும் ஸ்பிரேக்கள் வேண்டவே வேண்டாம். அவற்றில் இருப்பது சிலிக்கோன். அது ரப்பரை மென்மையாக்காது. ஈரமான தோற்றத்தை மட்டும் கொடுக்கும். நாளை பசை போட நேர்ந்தால் எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. தேங்காய் எண்ணெய் தடவியவர்களும் உண்டு. ஒரு மாதத்தில் சிக்குப் பிடித்து, தூசி அப்பி, எறும்பு வரிசை கட்டும். வாஸ்லீனும் துரு நீக்கும் ஸ்பிரேயும் பெட்ரோலிய வகை. இயற்கை ரப்பரையும் பியூட்டைலையும் ஊதிப் பெருக்க வைத்துவிடும்.

பிரிந்த ஓரத்தை ஒட்டுவது

பாஸ்கெட் பக்கம் பிரிந்திருந்தால் வேலை சுலபம். பழைய பசையை மூங்கில் சீவலால் சுரண்டி எடுத்து, உலோகத்தை ஆல்கஹாலில் துடைத்து, செருப்பு ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசையை இரு பக்கமும் மெல்லிதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து அழுத்துங்கள். கோனின் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும்; பெக்ஸ்ட்ரீன் கோன் கண்ணெதிரே சுருங்கும். பஞ்சர் சொல்யூஷனும் அப்படித்தான்.

கோன் பக்கம் பிரிந்திருந்தால், நீரில் கரையும் வகை கான்டாக்ட் பசையைப் பயன்படுத்துங்கள். முதலில் கோனின் பின்புறத்தில் ஓரமாக ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். மரவேலை வெள்ளைப் பசை காகிதக் கோனுக்கும் ஃபோமுக்கும் நல்லது, ரப்பரைப் பிடிக்காது. சட்டென்று ஒட்டும் சொட்டுப் பசையை அலமாரியிலேயே வைத்துப் பூட்டுங்கள். அது கண்ணாடிபோல் உறைந்து, ஆடும் விளிம்பில் முதலில் விரியும் இடமாகிவிடும்.

மென்மையாக்கும் தைலம் பற்றி

ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் விண்டர்கிரீன் தைலம் விற்பார்கள். மூட்டு வலிக்குத் தடவுவது. அதன் சாரம் மீத்தைல் சாலிசிலேட். தட்டச்சு இயந்திர உருளைகளையும் அச்சு இயந்திர உருளைகளையும் மென்மையாக்க உலகெங்கும் பயன்படுத்தும் பொருள் அதுதான், மந்திரம் ஒன்றுமில்லை. ரப்பருக்குள் புகுந்து அதை ஊதவைக்கிறது, அதனால் மென்மையாகிறது. மாதங்கள் போகப்போக ஆவியாகி வெளியேறுகிறது. ரப்பர் பழையபடி இறுகுகிறது.

நீங்கள் தடவியே தீருவேன் என்றால், கோன் காகிதமாக இருக்க வேண்டும், ரப்பர் வெடிக்காமல் இறுகி மட்டும் இருக்க வேண்டும். ஒரு பங்கு தைலத்துக்கு மூன்று பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்த்து, மெல்லிய தூரிகையால் விளிம்பின் பின்புறத்தில் வளைவின் நடுவே மட்டும் ஒரு கோடு இழுங்கள். ஒட்டிய ஓரங்களைத் தொடக் கூடாது, பசை விட்டுவிடும். மறுநாள் தொட்டுப் பாருங்கள், அளந்து பாருங்கள். பி200, பி110 போன்ற பெக்ஸ்ட்ரீன் கோன்களில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பாலிஸ்டைரீனை இந்தத் தைலம் அரித்துவிடும். இன்னொன்று: குழந்தைகள் உள்ள வீட்டில் புட்டியை மேல்தட்டில் வையுங்கள். ஒரு தேக்கரண்டித் தைலம் விழுங்கினால் இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகள் விழுங்கியதற்குச் சமம். வாசனை மிட்டாய்போல் இருப்பதுதான் ஆபத்து.

ஜப்பானில் டயாட்டோன் ஸ்பீக்கர்களின் துணி விளிம்பு இறுகிப்போனதற்கு பிரேக் ஆயில் தடவும் பழக்கம் ஆர்வலர்களிடையே உண்டு. துணியின் மேல் இருக்கும் பூச்சுக்கான வைத்தியம் அது. ரப்பர் விளிம்புக்கு அதை எடுத்துக்கொண்டு வராதீர்கள். பெட்டியின் வார்னிஷும் போய்விடும்.

மாற்றுவது

வெடிப்பு வாய் திறந்தால், ரப்பர் பிசுபிசுத்து நூலாக இழுபட்டால், மாற்றித்தான் ஆக வேண்டும். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்பி ரோடு கடைகளில் ரப்பர் வளையங்கள் கிடைக்கும். "8 இஞ்ச்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். நான்கு அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள்: கோனின் வெளிவிட்டம், வளைவு தொடங்கும் உள்விட்டம், வளைவு முடியும் வெளிவிட்டம், பாஸ்கெட்டில் உட்காரும் ஓரத்தின் மொத்த விட்டம். வளைவின் அகலம் குறைந்தால் கோனின் ஓட்டம் தடைபடும். மேடைக்கச்சேரி ஸ்பீக்கருக்கான தடித்த வளையத்தை வீட்டு ஊஃபரில் ஒட்டினால், இறுகிய பழைய ரப்பரே தேவலாம் என்றாகிவிடும். கிள்ளிப் பார்க்கும்போது உதடுபோல் மெல்லியதாக, தளர்வாக இருக்க வேண்டும். ஃபோம் இருந்த இடத்தில் ரப்பர் போட விரும்புவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ரப்பர் கனம் கூடியது. கோனின் எடை ஏறும், ஒலியின் அளவு சற்றுக் குறையும். ஒரு ஊஃபரில் மட்டும் மாற்றாதீர்கள். எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள்.

கழற்றும்போது இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்துக்கு அருகே தளர்வாகப் பிடிக்காதீர்கள். அது கையை விட்டுப் பாய்ந்து கோனைக் கிழித்துவிடும். கம்பிகளின் பிளஸ், மைனஸைப் படம் எடுத்து வையுங்கள். பழைய ரப்பரை முதலில் பாஸ்கெட் பக்கமிருந்து பிரியுங்கள். கோன் பக்கம் அவசரப்படக் கூடாது. ஹேர் டிரையர் சூடு பசையை இளக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெக்ஸ்ட்ரீன் சூட்டில் வளையும். காகிதக் கோனுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பெக்ஸ்ட்ரீனில் மர நுனியால், ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாக, பொறுமையாக உரிப்பதுதான் வழி. ஒட்டியிருக்கும் மெல்லிய ரப்பர்த் தோல் வர மறுத்தால் அதை விட்டுவிடுங்கள். புதிய பசை அதன் மேலேயே பிடிக்கும்.

பிறகு கோன் பக்கத்தை ஒட்டுங்கள். பழைய வளையம் கோனின் மேலா கீழா ஒட்டியிருந்தது என்று பார்த்து, அதே பக்கத்தில். துணி உலர்த்தும் கிளிப்புகளை நெருக்கமாகப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அடுத்து பாஸ்கெட் பக்கம். டஸ்ட் கேப்பை அறுத்து, காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையே ஃபிலிம் துண்டுகள் செருகி மையப்படுத்துவது ஒரு முறை. ஸ்பைடர் சேதமில்லாமல் இருந்தால் அது அநேகமாகத் தேவைப்படாது; ஸ்பைடரே காயிலை நடுவில் வைத்திருக்கும். நான் செய்வது: பாஸ்கெட்டில் பசை தடவி, வளையத்தை உட்காரவைத்து, பசை முழுதாகப் பிடிப்பதற்குள் 30 ஹெர்ட்ஸ் டோனை மெல்லிய ஒலியில் ஓடவிடுவது. காதை டஸ்ட் கேப்புக்கு அருகே கொண்டு போனால் உரசல் இருந்தால் மணலைத் தேய்ப்பதுபோல் கேட்கும். விளிம்பை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால் ஒரு இடத்தில் அந்தச் சத்தம் அப்படியே நின்று, காற்றசைவு மட்டும் மிஞ்சும். அந்த இடத்தில் விரல்களால் சுற்றிலும் அழுத்தி, டோனை நிறுத்திவிடுங்கள். இந்த வேலைக்கு, தொட்டவுடன் பிடிக்கும் பசை ஆகாது. கொஞ்சம் அவகாசம் தரும் பசைதான் வேண்டும். மறுநாள்வரை ஸ்பீக்கரைத் தொடாதீர்கள். பிறகு அரை மணி நேரம் ஓடவிட்டு, இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். அந்தச் சீட்டைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைப்பது என் பழக்கம். அடுத்துத் திறப்பவருக்கு உதவும்.

இனி மிச்சம் இருப்பது பராமரிப்பு. மேற்கு வெயில் விழும் சன்னலுக்கு எதிரே பெட்டியை வைக்காதீர்கள். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார், பழைய நகல் இயந்திரம் போன்றவை ஓசோனை வெளிவிடும். அவற்றின் பக்கத்து அறையில்கூட வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அள்ளிவரும் தூசிக்கு ஒரு மெல்லிய துணித்திரை போதும். பூச்சிக்குப் பயந்து பெட்டிக்குள் நாப்தலின் உருண்டை போடுவோர் உண்டு. அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கக்கூடியது, ஆகவே பெக்ஸ்ட்ரீன் இருக்கும் பெட்டிக்குள் கூடாது. கனமான ஊஃபர் ஆண்டுக்கணக்கில் நின்று கோன் சற்றே கீழிறங்கியிருந்தால், கழற்றி 180 பாகை திருப்பி மாட்டுங்கள். மாட்டும்போது பழைய கேஸ்கெட் நசுங்கியிருந்தால் புதிய ஃபோம் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டு, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். டேப் ஒரு வாரத்தில் அமுங்கிவிடும். அப்போது எல்லாத் திருகுகளுக்கும் இன்னொரு கால் சுற்றுக் கொடுங்கள்.